பயமா, தாகமா

குடிகாரர்களின் காதுக்குப் பின்னால் அரசாங்கம் விதை நட ஆரம்பித்த காலத்தில், தனிஸ்லாஸ் தூத்துக்குடியில் ஒரு தனியார் துறைமுக முனையத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சரக்கு முற்றத்து வேலையில் முக்கால்வாசியை இயந்திரங்களே பார்த்துக்கொண்டன. பழைய கிரேன்கள் சிலவற்றுக்குத்தான் தானாக இயங்கத் தெரியவில்லை. அவற்றில் ஒன்றின் உச்சியில், நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட சிறு கேபினில் அவர் உட்கார்ந்திருப்பார். காலுக்கடியில் கப்பல், இரும்புப் பெட்டிகள், மஞ்சள் தொப்பி போட்ட ஆட்கள்.

நான்கு ஆண்டுகள் தொடர்ந்து சிறந்த ஓட்டுநர் கேடயம் அவருக்குத்தான். அந்த நான்கு ஆண்டுகளும் அவர் காலையில் ஒரு குவார்ட்டர் பிராந்தியை இறக்கிக்கொண்டுதான் மேலே ஏறினார் என்பது கேடயம் கொடுத்தவர்களுக்குத் தெரியாது. வாசலில் மூச்சை மோந்து பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. அது பழுதாகி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. பழுதான கருவி எல்லோருக்கும் பச்சை விளக்கு காட்டியதால் அதைச் சரிபார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அவர் குடிகாரராகப் பிறந்தவர் அல்ல. ஓர் ஆடி மாதம், காற்று மிஞ்சிப்போய்க் கிரேன்களைப் பூட்டிவிட்டார்கள். லிஃப்டும் நின்றுவிட்டது. மூன்று மணி நேரம் கேபின் ஊஞ்சல் மாதிரி ஆடியது. அன்றைக்கு அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்து, காற்றே இல்லாத ஒரு காலையில், நெஞ்சு திடீரென்று அடித்துக்கொண்டது, உள்ளங்கை நனைந்தது, மூச்சு தொண்டையோடு நின்றது. செத்துப்போகிறோம் என்று நிச்சயமாக நம்பினார். ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் எடுத்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, எண்ணெய்ப் பண்டத்தைக் குறையுங்கள் என்று அனுப்பினார்கள். அவர் பஜ்ஜியை நிறுத்தினார். பயம் நிற்கவில்லை. கொஞ்ச நாளில், பயம் வந்துவிடுமோ என்பதே பெரிய பயமாகிவிட்டது.

அப்போதுதான் உடன் வேலை பார்த்த ஒருவர் அரைத் தம்ளர் பிராந்தியை நீட்டினார். அவ்வளவு வேகமாக வேலை செய்த மருந்தைத் தனிஸ்லாஸ் அதற்கு முன் கண்டதில்லை. ஒரே ஒரு குறை, அது இறங்கும்போது பயம் இரண்டு மடங்காக ஏறியது. அதை அடக்க மறுபடி பிராந்தி. பயத்துக்காகக் குடிக்கிறோமா, குடியால் பயப்படுகிறோமா என்று பிரித்துப் பார்க்கிற நிலைமையை அவர் தாண்டிப் போய்விட்டார்.

ஒருநாள் பெட்டியை இறக்கும்போது கை ஓர் இமைப்பொழுது தாமதித்தது. பெட்டி ஆடிப் போய், கீழே இன்னொரு பெட்டியின் மூலைப் பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்த கொம்பையா என்பவனின் தலையிலிருந்த தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது. தலை தப்பியது. எல்லோரும் சிரித்தார்கள். கொம்பையாவும் தொப்பியைப் பொறுக்கிக்கொண்டு சிரித்தான். காரணம் என்ற கட்டத்தில் மேற்பார்வையாளர் காற்று என்று எழுதிக்கொண்டார்.

தனிஸ்லாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மதியமே மனைவி அமலோற்பவம் வேலை பார்க்கும் மக்ரூன் கடைக்குப் போய், முட்டை வெள்ளைக்கரு நுரைத்துக்கொண்டிருந்த மேசைக்கு எதிரே நின்றபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவள் அழவில்லை. "தெனமுமா?" என்றாள்.

"தெனமும்."

"பயமா இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"பயம்னு சொல்ல வெக்கமா இருந்திச்சு. குடின்னா பரவாயில்ல, ஆம்பளைக்கு உள்ளதும்பாக."

மறுநாள் இருவரும் தெளிவு நிலையத்துக்குப் போனார்கள். குடியை நிறுத்த அரசாங்கம் கட்டியது அது. டாக்டர் மீனலோசனி, நாற்பது வயது இருக்கும், தூக்கம் போதாத கண்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது என்று பத்து நாள் வார்டில் வைத்து மாத்திரை கொடுத்தாள். பிறகு காதுக்குப் பின்னால் கடுகளவு விதையை நட்டாள். அது என்ன செய்யும் என்று தனிஸ்லாஸ் கேட்டார்.

"நாக்கு கேக்கறதுக்கு முன்னாடியே உடம்பு கேட்டுடும்," என்றாள். "நெஞ்சு வேகமா அடிக்கும், கை வேர்க்கும், மூச்சு மேல ஏறும். விதை அதைக் கண்டுபிடிச்சு வயித்தைப் பிரட்டிவிடும். தொண்ணூறு நாள் ஒரு வேட்கை கூடப் பதிவாகலைன்னா பூஜ்யச் சான்றிதழ் தருவோம்."

"பயந்தாலும் இதெல்லாம் வருமே டாக்டர்."

அவள் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "பயம் எங்க துறை இல்லீங்க," என்றாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் லிஃப்டில் கால் வைத்ததும் அவருக்கு நெஞ்சு அடித்தது. விதை வயிற்றைப் பிரட்டியது. பத்தாவது மீட்டரில் வாந்தி. வாந்தி வந்ததும் பயம் கூடியது. பயம் கூடியதும் மறுபடி வாந்தி. மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் அவரைத் தரை வேலைக்குத் தள்ளினார். வார அறிக்கையில் 'வேட்கை: அறுபத்தொன்று' என்று வந்தது. பிராந்தி நினைப்பே தனக்கு வரவில்லை என்று அவர் ஆலோசகரிடம் சத்தியம் செய்தார். ஆலோசகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'மறுக்கிறார்' என்று குறித்துக்கொண்டார். மறுப்பதும் நோயின் ஓர் அறிகுறிதானாம். விதை அறுபத்தொரு முறையும் தவறாமல் வேலை செய்திருப்பதற்காகப் பாராட்டும் தெரிவித்தார்.

அதே கட்டடத்தில், அதே நடைகூடத்தில், தெளிவு நிலையத்துக்கு நேர் எதிரே அமைதி நிலையம். பயத்துக்கான துறை அது. இரண்டு கதவுக்கும் நடுவில் ஆறு எட்டு வைக்கிற தூரம், ஒரு குடிநீர்த் தொட்டி. தனிஸ்லாஸ் ஆறு எட்டையும் கடந்து போனார். அமைதி நிலையத்தின் தலைவர் டாக்டர் சிவக்கொழுந்து, குரலை உயர்த்தாத மனிதர். தங்கள் விதை பயத்தைக் கண்டதும் உடம்பைக் குளிர்விக்கும், ஆனால் குடித்தவர்களுக்குத் தந்தால் அதற்கே அடிமையாகிவிடுவார்கள், ஆகவே எதிர்க் கதவிலிருந்து பூஜ்யச் சான்றிதழ் வாங்கி வரவேண்டும் என்று விளக்கினார். பயம் நின்றால்தான் பூஜ்யம் வரும் என்றார் தனிஸ்லாஸ். அப்படியானால் பயம் நின்ற பிறகு வாருங்கள் என்றார் டாக்டர்.

மூன்று வாரத்தில் அந்த ஆறு எட்டை அவர் எத்தனை தடவை நடந்தார் என்பதற்கு வாட்ச்மேன் சாட்சி. இரு பக்கமும் அவரை மரியாதையாகவே நடத்தினார்கள். இரு பக்கமும் நாற்காலி போட்டார்கள். மறுபக்கம் போகச் சொன்னார்கள்.

அந்த நடைகூடத்தில்தான் ஒருநாள் கொம்பையாவைப் பார்த்தார். அமைதி நிலையத்து பெஞ்சில், பால் குடித்து முடித்த குழந்தை மாதிரியான முகத்தோடு உட்கார்ந்திருந்தான். காதுக்குப் பின்னால் சின்னத் தழும்பு. இவரைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தான். தொப்பி போன நாளிலிருந்து கிரேனுக்கடியில் போகவே முடியவில்லை, தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை, அதனால்தான் விதை வைத்தார்கள் என்றான்.

"இப்ப சொகமா இருக்கா?" என்று கேட்டார் தனிஸ்லாஸ்.

"மொதல்ல பயம் அதுவா வந்திச்சு அண்ணாச்சி. பயம் தட்டுன ஒடனே உள்ளுக்குள்ள ஜில்லுன்னு ஒண்ணு எறங்கும். இப்ப பயமே வர மாட்டேங்கு. பயந்தாத்தான அது குடுக்கும்? அதனால நானே போயி பெட்டிக்கு அடியில நின்னுக்கிடுதேன். தலைக்கு மேல ஒரு சாண் உயரத்துல போச்சுன்னா நல்லாக் குடுக்கும்."

வலையில் நல்ல மீன் விழுகிற இடத்தைச் சொல்வது போல அதைச் சொன்னான். சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையையும் எடுத்துக் காட்டினான். மாவட்டத்திலேயே கவலை மிகக் குறைந்த பயனாளி என்று அமைதி நிலையம் அவனுக்கு 'அமைதிச் செம்மல்' பட்டம் கொடுத்திருந்தது.

தொப்பியைத் தட்டியது காற்று இல்லை என்று அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். தனிஸ்லாஸ் சொல்லாமல் பெஞ்சிலிருந்து எழுந்தார். நேரே மீனலோசனியிடம் போனார். தன் விஷயம் பேசவில்லை. கொம்பையா ஒருநாள் நசுங்கிச் சாவான் என்று மட்டும் சொன்னார்.

அவள் கதவைச் சாத்திவிட்டு, இரு துறைக்கும் பொதுவான கணினித் திரையில் இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டு கோடுகள், இரண்டு மலைத்தொடர். ஏறி, உச்சியில் நடுங்கி, இறங்கின.

"ஒண்ணு உங்களோடது, ஒண்ணு கொம்பையாவோடது. எது உங்களோடது, சொல்லுங்க."

அவர் உற்றுப் பார்த்தார். தெரியவில்லை.

"பேரை மறைச்சுட்டா எனக்கும் தெரியாது," என்றாள். "உங்க பயத்தை இந்தப் பக்கம் தாகம்னு படிக்கிறோம். அவரோட தாகத்தை அந்தப் பக்கம் பயம்னு படிக்கிறாங்க. விதையும் ஒண்ணுதான். ஒரே தொழிற்சாலை, ஒரே பெட்டியில வருது. இந்தக் கதவுக்குள்ள நட்டா வயித்தைப் பிரட்டும், அந்தக் கதவுக்குள்ள நட்டா தாலாட்டும்."

"இது மேல உள்ளவங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டு துறைக்கும் ரெண்டு செயலாளர் இருக்காங்க. ஒண்ணுன்னு ஒத்துக்கிட்டா ஒருத்தர் வீட்டுக்குப் போகணும்."

அன்று அவள் தன் பொறுப்பில், யாரிடமும் கேட்காமல், அவருடைய விதையை அணைத்தாள். வாரத்துக்கு நான்கு நாள் தன் மதிய உணவு நேரத்தில் முனையத்துக்கு வந்தாள். இருவரும் லிஃப்டில் ஏறினார்கள். முதல் வாரம் பத்து மீட்டர் போய் நின்றார்கள். அவருக்கு நெஞ்சு அடித்தது. அவள் எதுவும் தரவில்லை, தோளைக்கூடத் தொடவில்லை. பயம் ஏறட்டும், எதையும் ஊற்றி அணைக்காமல் விட்டால் அதுவே களைத்து இறங்கும், அதை உடம்பு ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். அவர் நம்பவில்லை. பதினெட்டு நிமிடம் ஆனது. இறங்கியது. மறுநாள் பதினாறு. அப்புறம் இருபத்தைந்து, எல்லா நாளும் ஒழுங்காகக் குறையவில்லை. ஒருநாள் வீட்டுக்குப் போகிற வழியில் பிராந்திக் கடை வரிசையில் நின்று, தன் முறை வந்தபோது விலகி வந்தார். அதை மறைக்காமல் அவளிடம் சொன்னார். ஆறாவது வாரத்தில் கேபின் கதவைத் திறந்தார்.

கொம்பையா விஷயத்தில் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. விதையின் அளவை மெல்லக் குறையுங்கள் என்று சிவக்கொழுந்திடம் போய்க் கேட்டாள். மாவட்டத்திலேயே முதல் மதிப்பெண் எடுத்தவனுக்கு எதைக் குறைப்பது என்று அவர் நியாயமாகவே கேட்டார்.

தனிஸ்லாஸ் மறுபடி கிரேன் ஓட்ட ஆரம்பித்த இரண்டாம் வாரம், கண்ணாடித் தரை வழியாகக் கொம்பையாவைப் பார்த்தார். மஞ்சள் கோட்டைத் தாண்டி, இருபது டன் பெட்டி இறங்க வேண்டிய இடத்தில், முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றான். அவர் பெட்டியை அந்தரத்தில் நிறுத்தினார்.

வாக்கிடாக்கியில் மேற்பார்வையாளர் குரல் வந்தது. ஏன் நின்றது என்று கேட்டார். ஆள் நிற்கிறான் என்றார் தனிஸ்லாஸ்.

"இங்க பச்சை காட்டுது. எறக்கும்."

முற்றத்தின் பாதுகாப்புக் கணினி ஆட்களின் விதைகளைப் படித்து ஆபத்தைக் கணித்துவந்தது. கொம்பையா துளிக்கூடக் கலவரப்படாமல் நின்றதால், ஆபத்து இல்லை என்று அது முடிவு கட்டியிருந்தது. கணினி சொன்ன பிறகு, அவனைக் கையைப் பிடித்து இழுத்துவர ஆளனுப்பும் அதிகாரம் மேற்பார்வையாளருக்கு இல்லையாம். கப்பல் காத்திருக்கிறது, எறக்கும் என்று மூன்று முறை சொன்னார். தனிஸ்லாஸ் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். அடுத்த கணம் அவருக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. பிராந்தி நினைப்பு இந்த முறை நிஜமாகவே வந்தது, வாசனையோடு வந்தது. தொடையில் இரு கையையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

நாற்பது நிமிடம் பெட்டி தொங்கியது. ஆடாத பெட்டியால் கொம்பையாவுக்குப் பயனில்லை. கடைசியில் அவனே லிஃப்டில் ஏறி, மேல் ஏணியைப் பிடித்து, மூச்சிரைக்கக் கேபினுக்குள் வந்தான்.

"ஏன் அண்ணாச்சி நிப்பாட்டுனிய?"

"கீழ நீ நின்னல்லா."

"ஒரே ஒரு தடவ ஆட்டுங்க. காலைலேர்ந்து எனக்கு ஒண்ணுமே கெடைக்கல." அவன் கெஞ்சினான். தனிஸ்லாஸுக்கு அந்தக் கெஞ்சல் நன்றாகத் தெரிந்த கெஞ்சல்.

"கொம்பையா, அன்னைக்கு ஒன் தொப்பியத் தட்டுனது காத்து இல்ல. நாந்தான். குடிச்சிட்டு ஏறியிருந்தேன்."

கொம்பையா அவரைப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது, கை இறுகியது. தனிஸ்லாஸ் அடி விழும் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடினார். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் முகம் தளர்ந்து, இமை பாதி கவிழ்ந்து, உதட்டில் ஒரு சிரிப்பு ஊறிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு அவனுக்கே பிடிக்கவில்லை என்பது மட்டும் கண்ணில் தெரிந்தது.

"கோவம் வந்திச்சு அண்ணாச்சி," என்றான் மெதுவாக. "வந்த ஒடனே விதை அதையும் தணிச்சுப்போட்டு. போன மாசம் எம் மவளுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரில கெடந்தா. கவலப்படணும்னுதான் பாத்தேன். முடியல. பக்கத்துல ஒக்காந்து சிரிச்சிட்டு இருந்தேன்."

வாக்கிடாக்கி கத்திக்கொண்டிருந்தது. "இத எடுத்துரச் சொல்லுங்க," என்றான் கொம்பையா.

எடுப்பது அவ்வளவு எளிதாக இல்லை. கப்பலைத் தாமதித்ததற்காகத் தனிஸ்லாஸுக்கு இரண்டு வாரம் இடைநீக்கம். கொம்பையாவின் மனுவை அமைதி நிலையம் திருப்பி அனுப்பியது. விதையை எடுக்கக் கேட்பதே பதற்றத்தின் அறிகுறி என்று சொல்லி, அளவைக் கொஞ்சம் கூட்டவும் பரிந்துரைத்தது. சட்டென்று தானே பிடுங்கினால் வலிப்பு வரும். மீனலோசனி விதிப் புத்தகத்தை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தாள். நோயாளி குணமானால் எப்படி எடுப்பது என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் எழுபதாம் பக்கத்தில், ஒரே ஆள் இரண்டு பெயரில் இரண்டு விதை பெற்றிருந்தால் என்ன செய்வது என்று விரிவாக இருந்தது. போலிப் பயனாளியின் விதையை, உடம்புக்குத் தீங்கு வராமல், மருத்துவர் மேற்பார்வையில் நாற்பது நாளில் படிப்படியாகக் குறைத்து அகற்ற வேண்டும்.

அவள் பெயரில்லாமல் ஒரு புகார் எழுதிப் போட்டாள். தனிஸ்லாஸும் கொம்பையாவும் ஒரே ஆள், பதிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று.

துறைகளின் கணினி இரண்டு கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தது. ஒன்பது வினாடியில் முடிவு வந்தது. இருவரும் ஒருவரே. ஒருவருக்கு ஐம்பத்தொரு வயது, மற்றவருக்கு முப்பத்திரண்டு. ஒருவருக்கு வழுக்கை, ஒருவருக்கு இல்லை. அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. பின்னால் பதிவு செய்தவர் என்பதால் கொம்பையா போலி ஆனான். அமைதிச் செம்மல் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நோயாளிக்குக் கிடைக்காத சிகிச்சை ஏமாற்றுக்காரனுக்குக் கிடைத்தது.

அந்த நாற்பது நாள் அவனுக்கு லேசாகப் போகவில்லை. உடம்பு உதறியது. மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வரிசை இல்லாமல் வந்தது. எட்டாம் நாள், எப்போதோ குணமாகிவிட்ட மகளின் காய்ச்சலுக்காக உட்கார்ந்து அழுதான். பதினைந்தாம் நாள் இடி இடித்ததற்குக் கட்டிலுக்கடியில் போனான். தினமும் மாலையில் தனிஸ்லாஸ் அவன் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பயம் ஏறும்போது கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் சொல்லமாட்டார்.

இருபத்தாறாம் நாள் மாலைவரை காத்திராமல் கொம்பையாவே அவர் வீட்டுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்திருந்த நேரம். அமலோற்பவம் அடுப்பில் தேயிலைக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். வாங்க என்று சொல்லக்கூட இடம் கொடுக்காமல் உள்ளே வந்தவன், தனிஸ்லாஸின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான்.

காது ரீங்காரமிட்டது. தனிஸ்லாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொம்பையா தன் கையை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு, உள்ளே எதுவோ இறங்குகிறதா என்று காத்திருந்தான். அரை நிமிடம் போயிற்று. மூச்சு இரைத்தது. கண் சிவந்தே இருந்தது.

"தணியல அண்ணாச்சி," என்றான். "இன்னும் கோவமாத்தான் இருக்கு."

"இருக்கட்டும். இரி," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் தனிஸ்லாஸ்.

அமலோற்பவம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, சீனி எத்தனை கரண்டி என்று கேட்டாள்.